குழாய்த் தண்ணீர் எங்கே கெடுகிறது? ஃபில்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

#1 மாடித்தொட்டி

பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மாநகரக் குழாய் நீர் சம்பில் (தரையடித் தொட்டியில்) விழுந்து, மோட்டார் வழியாக மேல்தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்குகிறது. காலையில் சமையலறைக் குழாயைத் திறந்ததும் வருகிற நீர் லேசான மஞ்சள், வாயில் வைத்தால் இரும்புச் சுவை. கொஞ்ச நேரம் விட்டால் தெளிந்துவிடுகிறது. குளியலறையில் சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 210 மில்லிகிராம் காட்டுகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பால்மாவு இந்த நீரில்தான் கலக்கிறோம்.

ஆர்ஓ (நுண்சவ்வு வழியே நீரை வடிக்கும் கருவி) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எதை எந்த வரிசையில் சோதிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நீர்ப்பகுப்பு

ஆர்ஓ பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன மஞ்சளும் நாற்றமும் வேறு வேறு இடத்தில் பிறக்கிறவை. கைக்குழந்தை இருப்பதால் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: ஈயம். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

முதலில் அந்த 210. டிடிஎஸ் மீட்டர் நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை 0.5 முதல் 0.7 வரையான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உப்பு மொத்தம் எவ்வளவு என்று ஏறக்குறையச் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். உங்கள் மீட்டர் 1 மில்லிகிராம் படியில் ஓடுகிறது. ஈயம் அந்த அளவைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் திரையில் எண் அசையாது. ஆர்சனிக்குக்கும் இதே கதைதான். கிருமியை மீட்டர் கண்டுகொள்ளவே செய்யாது. 210 என்பதை வைத்து நல்ல நீர் என்றோ கெட்ட நீர் என்றோ சொல்ல வழியில்லை.

முதல் சோதனையாக எஞ்சிய குளோரினை, அதாவது கிருமியைக் கொல்லச் சேர்த்த குளோரினில் நீரில் இன்னும் மிச்சமிருப்பதை, பாருங்கள். நீர் எந்த இடத்தில் பாதுகாப்பை இழக்கிறது என்று இதைவிடச் சீக்கிரம் சொல்லும் சோதனை கிடையாது. குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி மாத்திரையும் நிற ஒப்பீட்டுப் பெட்டியும் போதும். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழலை அதே நீரில் அலசி, 10 மி.லி. கோடு வரை நிரப்புங்கள். டிபிடி 1-ஆம் எண் மாத்திரையை விரலால் தொடாமல் உறையிலிருந்து நேராகக் குழலில் விழச் செய்து, நசுக்கிக் கரைத்து, ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பை ஒப்பிடுங்கள். தாமதித்தால் நிறம் தானே ஏறி, பொய்யான எண் வரும். நிறம் பளிச்சென்று வந்து உடனே மறைந்தால் குளோரின் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அளவு மிக அதிகமானால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். நீரை ஐந்து மடங்கு நீர்த்துத் திரும்பப் பாருங்கள்.

இதை நான்கு இடத்தில் செய்யுங்கள்: சம்புக்குள் விழும் குழாய், சம்ப், மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், சமையலறை. வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நுழைவில் 0.5, சமையலறையில் பூஜ்யம் என்றால் இடையில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்கிறது. பெரும்பாலும் தொட்டிக் கசடு, அல்லது நீர் நாள்கணக்கில் தேங்குவது. நுழைவிலேயே பூஜ்யம் என்றால் தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. அளந்த நாள், நேரம் குறித்து நீர் வழங்கும் துறைக்கு எழுத்தில் கொடுங்கள்.

#3 குழாய்ப்பணி

மஞ்சளைப் பற்றி நான் சொல்கிறேன். இரவெல்லாம் நின்ற நீர் மஞ்சளாகி, ஓடினால் தெளிகிறது என்றால் உள்ளே ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்திருக்கிறது. எந்தத் துண்டு என்று சுவரை உடைக்காமலேயே கிட்டத்தட்டச் சொல்லலாம்.

15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 177 மி.லி. நீர் நிற்கும். ஆக, காலையில் வரும் முதல் ஒரு லிட்டர், குழாய் முனையிலிருந்து ஐந்தரை மீட்டருக்குள் இரவைக் கழித்த நீர். ஒரு லிட்டர் புட்டிகள் ஆறை வரிசையாக வைத்து, இடையில் குழாயை மூடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியுங்கள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். முதல் புட்டி மட்டும் மஞ்சள் என்றால் சமையலறைக்குப் பக்கத்து நிப்பிளோ எல்போவோ (குழாயை இணைக்கும் துண்டுகள்) குற்றவாளி. மூன்றாவது, நான்காவது புட்டியில் மஞ்சள் அடர்ந்தால் கோளாறு பதினோரு மீட்டருக்கும் அப்பால், செங்குத்தாக இறங்கும் பைப்பில். ஆறும் ஒரே நிறம் என்றால் தொட்டியைப் பாருங்கள்.

பைப் எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் வெளியே தெரியும் இடத்தில் சாவி முனையால் சுரண்டிப் பாருங்கள். மெத்தென்று சுரண்டுப்பட்டு வெள்ளிபோல மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயக் குழாய். காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. சுரண்டிய இடம் செம்பு நிறமாகத் தெரிந்தால் செம்பு. அதில் குழாயைவிடப் பற்றவைத்த மூட்டுகளைத்தான் கவனிக்க வேண்டும். பழைய ஈயப் பற்றாசு அங்கேதான் இருக்கும். பழைய பித்தளைக் குழாய்களிலும் ஈயம் கலந்திருக்கும்.

குழாய் முனையில் இருக்கும் ஏரேட்டர் சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். செந்நிறத் துகள் துரு. வெள்ளைத் துகளில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைப்பது சுண்ணாம்பு. நுரைக்காமல், நகத்தால் இழுத்தால் நூலாக நீள்வது டெஃப்லான் டேப். சாம்பல் நிறத்தில் கனமான பொடி இருந்தால் அதை ஈயம் என்றே வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

#4 மாடித்தொட்டி

பைப்பில் காந்தம் ஒட்டுகிறது, ஜி.ஐ.தான். புட்டி வரிசையில் இரண்டாவது, மூன்றாவது அடர்த்தி. அப்படியானால் காலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடித்தால் குழந்தைக்குப் போதுமா? கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்.

#5 நீர்ப்பகுப்பு

கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே வசிப்பவர்கள் மூன்று நிமிடம். உலோகமும் நைட்ரேட்டும் கொதியில் போகாது. ஆவி வெளியேற வெளியேற மிச்ச நீரில் அடர்த்தி கூடும். ஆகவே பால்மாவுக்கான நீரை நீண்ட நேரம் சுண்டக் காய்ச்சாதீர்கள். கீசர் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கவே வேண்டாம். சூடான நீர் ஈயத்தையும் செம்பையும் வேகமாகக் கரைக்கும்.

ஓடவிடுவது உதவும். எவ்வளவு உதவும் என்பதை இரண்டு மாதிரி எடுத்தால்தான் சொல்ல முடியும். முதல் மாதிரி: ஆறு மணி நேரமாவது யாரும் திறக்காத குழாயிலிருந்து, ஏரேட்டரைக் கழற்றாமல், வழக்கமான வேகத்தில் முதல் ஒரு லிட்டர். முன்னிரவில் குழாயைக் கழுவி வைப்பது, மெதுவாகத் திறப்பது, சல்லடையைக் கழற்றுவது, மூன்றும் ஈயத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது: ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு. ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன்: முதல் லிட்டரில் 22 மைக்ரோகிராம், ஓடிய நீரில் 1 என்று வந்தால் ஈயம் குழாய் முனையிலோ அதை ஒட்டிய பித்தளையிலோ இருக்கிறது, குழாயை மாற்றினால் முடிந்தது. ஓடிய பிறகும் 12 என்று நின்றால் உள்ளே நீளமான ஈயத் துண்டு இருக்கிறது. அங்கே ஓடவிடுவதை நம்பக் கூடாது.

ஜி.ஐ. என்பதால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அதற்கு முன்னால் எப்போதோ ஒரு ஈயத் துண்டு இருந்திருந்தால், ஜி.ஐ. உள்சுவரின் துரு பல வருடம் ஈயத்தைப் பிடித்து வைத்திருந்து பிறகு துகளாக உதிர்க்கும். ஒரு நாள் சுத்தம், மறுநாள் எகிறும். அதனால் மாதிரி ஒன்றோடு நிற்காமல் இடைவெளி விட்டு மூன்று தடவை எடுங்கள். பாதிக் குழாயை மட்டும் செம்பாக மாற்றி ஈயத்தோடு இணைப்பதும் ஆபத்து. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் மின்வேதி அரிப்பு கூடும்.

நீரின் வேதியியல் மாறினால் பழைய குழாயே புதிதாகக் கெடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள் சேர்க்கவில்லை. குழாய்க்குள் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து வீடுகளில் ஈயம் ஏறியது. வாஷிங்டனில் 2000-இல் குளோரினிலிருந்து குளோரமைனுக்கு மாறிய பிறகும் இதே போல நடந்தது. உங்கள் நகரில் நீர் ஆதாரமோ கிருமிநீக்கியோ மாறினால் பழைய சோதனை அறிக்கையைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள்.

#6 கொதிகலன்

முட்டை நாற்றத்துக்கு வருகிறேன். ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்நீரும் இன்னொன்றில் சுடுநீரும் பிடித்து, குளியலறையை விட்டு வெளியே வந்து முகருங்கள். இரண்டிலும் நாற்றம் இல்லையென்றால் அது வடிகால் வாயில் வளரும் படலத்தின் வாடை, நீரில் குறையில்லை. இரண்டிலும் இருந்தால் ஆதார நீர் அல்லது தொட்டி. சுடுநீரில் மட்டும் என்றால் கீசருக்குள் இருக்கும் மக்னீசியம் ஆனோடு தண்டைச் சந்தேகியுங்கள். நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாவுக்கு அந்தத் தண்டின் வினை தீனி போடுகிறது. அலுமினியம்-துத்தநாகத் தண்டாக மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். தண்டே வேண்டாம் என்று கழற்றி எறிந்தால் கலனின் இரும்பு சீக்கிரம் ஓட்டையாகும். தண்டை மாற்றும்போதே மின் இணைப்பைத் துண்டித்து, நீர் ஆறியபின் வடிகால் வால்வைத் திறந்து அடிக் கசடையும் வெளியேற்றுங்கள். பாக்டீரியா குடியிருப்பது அந்தச் சேற்றில்.

#7 சிக்கனம்

கீசரை 45 டிகிரியில் வைத்தால் போதுமே. மின்சாரமும் மிச்சம், கொப்புளமும் ஆகாது.

#8 கொதிகலன்

நீரைச் சேமித்து வைக்கும் கீசருக்கு அது சரிப்படாது. லெஜியோனெல்லா பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும். ஷவரில் தெறிக்கும் நுண்துளியை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரும். குடிப்பதைவிட அங்கேதான் ஆபத்து. கலனுக்குள் 60 டிகிரி, குழாய் முனையில் ஒரு நிமிடத்துக்குள் 50-க்கு மேல் வர வேண்டும். சுடுவதைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயமான கவலை. 60 டிகிரி நீரில் பெரியவர் தோலே சில நொடியில் வெந்துவிடும், குழந்தைக்கு அதைவிடச் சீக்கிரம். அதற்கு வழி கலனைக் குளிர்விப்பது கிடையாது, குழாய்க்கு முன்னால் தெர்மோஸ்டாட் கலப்பு வால்வு போடுவது.

ஆள் இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிய வீடானால், திரும்பி வந்ததும் ஷவர் தலையைக் கழற்றி வாளிக்குள் வைத்து, தெறிக்காமல் ஐந்து நிமிடம் சுடுநீரை ஓடவிடுங்கள். கிளை பிரிந்து மூடி போட்டு விட்ட செத்த பைப் எங்காவது இருந்தால் பிரியும் இடத்திலேயே வெட்டி அடையுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எரிவாயு கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் கீசரை அணைத்து உடனே வெளியே வாருங்கள். கருவி வெளியே, புகைபோக்கியோடு, பக்கத்தில் மோனாக்சைடு அலாரத்தோடு இருக்கட்டும்.

#9 மாடித்தொட்டி

குளோரின் பார்த்தோம். சம்புக்குள் விழும் இடத்தில் 0.5, சம்பில் 0.2, மேல்தொட்டிக்குக் கீழே நிறமே இல்லை. தொட்டி 5000 லிட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 லிட்டர் செலவாகிறது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

#10 குழாய்ப்பணி

கணக்கைப் பாருங்கள்: நீர் ஐந்து நாள் தொட்டியில் கிடக்கிறது, வெயிலில் காய்கிறது. குளோரின் எப்படித் தங்கும்? ஃப்ளோட் (நீர் நிரம்பியதும் வரத்தை நிறுத்தும் மிதவை) மட்டத்தை இறக்கி இரண்டு நாள் செலவுக்கு மட்டும் நிரப்புங்கள். நீர் உள்ளே விழும் வாயும் வெளியேறும் வாயும் ஒரே பக்கத்தில் இருந்தால் எதிர்ப் பக்கத்து மூலை நீர் அசையவே அசையாது. விழும் குழாயை எதிர்ப் பக்கத்துக்கு நீட்டிவிடுங்கள்.

கழுவும் முறை: வீடுகளுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு நீரை வடித்து, நீளக் கைப்பிடி பிரஷால் சுவரையும் அடியையும் தேய்த்து, கசடை வடிகால் வாய் வழியாகத் தள்ளுங்கள். பிறகு நிரப்பி லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும்படி மருந்து சேர்க்க வேண்டும். 1000 லிட்டருக்கு அது 50 கிராம் குளோரின். 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரானால் 170 கிராம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமானால் 1 லிட்டர். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். மூட்டையைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருந்தால் வீரியம் பாதியாகக்கூட இறங்கியிருக்கும். கணக்கு சரியாக இருந்தும் பலன் வராததற்கு இதுதான் காரணம்.

எல்லா வீட்டிலும் குளோரின் வாசனை வரும் வரை குழாய்களைத் திறந்து மூடிவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். அந்த நேரம் யாரும் குடிக்கக் கூடாது, ஆர்ஓ கருவிகளின் நுழைவு வால்வு மூடியிருக்க வேண்டும். பிறகு வடித்து, நிரப்பி, டிபிடியில் 0.5-க்கு வந்ததும் பயன்படுத்தலாம். அன்றாடக் கிருமிநீக்கத்துக்கு 50 மில்லிகிராம் போடக் கூடாது. 2 மில்லிகிராம் போதும், அதாவது 1000 லிட்டருக்கு 7 கிராம் பவுடர், அரை மணி நேரம் கழித்து 0.5 நிற்கிறதா என்று பார்ப்பது.

சம்புக்குள் இறங்குவதாக இருந்தால் தயவுசெய்து இதைக் கேளுங்கள். மூடிய சம்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், மருந்து தெளித்தால் குளோரின் வாயுவும் தேங்கும். மூடியைத் திறந்து, மேலேயிருந்து காற்றை ஊதி, இடுப்புக் கயிற்றோடு, மேலே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தால் மட்டுமே இறங்கலாம். உள்ளே ஆள் மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். இரண்டாவதாகக் குதித்தவரும் சாவது இங்கேதான். கயிற்றால் இழுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள துப்புரவுத் திரவமும் அப்படித்தான், குளோரமைன் வாயு.

#11 வடிகால்

0.5 ஏன் சம்பிலேயே 0.2 ஆகிறது என்பதையும் விடாதீர்கள். விட்டு விட்டு வரும் நீரில், குழாயில் அழுத்தம் இல்லாத நேரம் மண்ணிலுள்ள கழிவு விரிசல் வழியே உள்ளே கசியும். யாராவது மெயினில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்தத் தெருவுக்கே கழிவை இழுத்துக் கொடுக்கிறார்கள். நீர் வரத் தொடங்கிய முதல் சில நிமிடம்தான் மிக அழுக்கு. சம்பின் ஃப்ளோட் வால்வுக்கு முன்னால் ஒரு ‘T’ வடிவ இணைப்பும் வால்வும் போட்டு அந்த முதல் நீரைத் தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

சம்ப் மூடி தரையைவிட உயரமாக, மழைநீர் இறங்காதபடி இருக்கிறதா, வழிவு குழாயில் கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ளோட் வால்வின் வாய் நீரில் மூழ்கவே கூடாது. குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாயும், கழிப்பறைக் கோப்பைக்குள் தொங்கும் கைத்தெளிப்பானும் அழுத்தம் விழும் நொடியில் அழுக்கைப் பின்னோக்கி உறிஞ்சும்.

#12 மாடித்தொட்டி

இதையெல்லாம் செய்துவிட்டுக் குடிநீருக்கு மட்டும் ஒரு கருவி வைப்பதென்றால் எது?

#13 நீர்ப்பகுப்பு

ஆய்வறிக்கை சொல்வதைப் பொறுத்தது. ஈயம் மட்டும் என்றால் என்எஸ்எஃப் 53 என்ற ஃபில்டர் தரத்தில் ஈயத்துக்கென்று பெயர் குறிப்பிட்டுச் சான்று பெற்ற கார்பன் பிளாக் (அழுத்திய கரிக்கட்டி ஃபில்டர்) போதும். என்எஸ்எஃப் 42 மட்டும் இருந்தால் அது சுவைக்கும் குளோரின் வாடைக்கும்தான். ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலோ, நைட்ரேட் 50-ஐத் தாண்டினாலோ, ஆர்சனிக் இருந்தாலோ ஆர்ஓ வேண்டும். கிருமி மட்டும்தான் சிக்கல், நீரும் கலங்கல் இல்லை என்றால் யூவி (புறஊதாக் கதிர் விளக்கு) போதும். யூவி விளக்கின் நீல ஒளியை வைத்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய 9000 மணி நேரத்தில் அது தளர்ந்துபோன பிறகும் நீலம் எரிந்துகொண்டிருக்கும். வருடம் ஒரு முறை விளக்கை மாற்றி, குவார்ட்ஸ் உறையில் படிந்த வெண்மையைத் துடையுங்கள்.

ஆர்ஓ வாங்கினால் மூன்று இடத்தைக் கவனியுங்கள். மெம்பிரேனுக்கு (நீரை வடிக்கும் சவ்வுக்கு) முன்னால் இருக்கும் கார்பன் தீர்ந்துபோனால் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும், அதனால் கார்பனைக் கெடுவுக்கு முன்பே மாற்ற வேண்டும். மெம்பிரேனின் நிலையை அறிய டிடிஎஸ் மீட்டர் இங்கே உண்மையிலேயே உதவும்: உள்ளே 210, வெளியே 20 என்றால் 90 சதவீதம் தள்ளுகிறது, சரி. வெளியே 60-ஐ நெருங்கினால் மாற்றும் நேரம். மூன்றாவதுதான் பலரும் பார்க்காதது. சுவைக்காக டிடிஎஸ் கூட்டும் திருகு ஒன்று பல கருவிகளில் இருக்கிறது. அது மெம்பிரேன் வழியே போகாத நீரைக் கொஞ்சம் எடுத்து வடித்த நீரில் கலக்கிறது. ஈயமும் ஆர்சனிக்கும் அந்தச் சந்து வழியே திரும்ப உங்கள் டம்ளருக்கு வரும். ஈயம் இருக்கும் வீட்டில் அந்தத் திருகை முழுக்க மூடிவிட்டுத்தான் வெளியேறும் நீரைச் சோதிக்க வேண்டும்.

#14 கண்ணாடிக்குடுவை

யூவி, ஆர்ஓ எதுவும் இல்லாமல் குளோரினை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒன்று: வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அதனால் நாலு லட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் 1 மைக்ரானுக்கு மேலான எதையும் விடாத (absolute) சல்லடை அல்லது கொதிக்க வைத்த நீர் கட்டாயம்.

#15 மாடித்தொட்டி

கிருமிச் சோதனை ஒன்று கொடுத்தோம். மொத்த கோலிஃபார்ம் (ஒரு பாக்டீரியாத் தொகுதி) இருக்கிறது, அதில் ஈ.கோலை வகை இல்லை என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

#16 நீர்ப்பகுப்பு

ஈ.கோலை இல்லாதது நல்ல சேதி, 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் சமீபத்தில் மலக் கலப்பு நடந்திருக்கிறது, அன்றே கொதிக்க வைக்கத் தொடங்க வேண்டும். மொத்த கோலிஃபார்ம் மண்ணிலும் குழாய்ப் படலத்திலும் வாழ்வது. தொட்டி அழுக்காக இருக்கலாம், மாதிரி எடுத்த விதமும் தவறியிருக்கலாம். மறுசோதனை முடியும் வரை குழந்தைக்குக் கொதிக்க வைத்த நீரே கொடுங்கள்.

மறுபடி எடுக்கும்போது ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியை மட்டும் பயன்படுத்துங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி சோடியம் தயோசல்பேட், குளோரினை முறிப்பதற்கு, கழுவிக் கொட்டிவிடாதீர்கள். ஈயத்துக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே ஏரேட்டரைக் கழற்ற வேண்டும். வாயை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் எதிலும் படாமல் பிடித்துக்கொண்டு, மேலே இரண்டு விரல் காற்றிடம் விட்டு நிரப்புங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு போங்கள். தாமதமானாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொட்டி கழுவி மருந்து போட்ட உடனே எடுத்தால் மிச்சக் குளோரின் உண்மையை மறைத்துவிடும், ஒரு வாரம் பொறுங்கள். ஒரே நாளில் இரண்டு புட்டி: ஒன்று சமையலறையில், இன்னொன்று சம்புக்குள் விழும் குழாயில்.